பக்கத்தில் நின்ற கோச்

டென்மார்க்கில், வைலேயிலிருந்து பிரெடெரிசியா போகும் மாலை ரயிலில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பேர் தமிழில் கதைத்துக்கொண்டு வந்தார்கள். வெளியே மழை.

"அண்ணை, எங்கட புட்போல் கோச் இந்தக் கிழமை கோழி பக்டரியில என்ர பக்கத்தில நிண்டு கோழி வெட்டினவர்," என்றார் இளையவர்.

"ஆர், அந்த செர்பியரோ?"

"ஓம். பெல்கிரேட்டில பெரிய கிளப்புக்கு விளையாடின மனிசன். கால் ஏலாமல் போனாப் பிறகு இஞ்ச வந்து எங்கட டீமைப் பழக்கினவர். தொடர்ந்து தோத்ததால கிளப் அவரை நிப்பாட்டிப்போட்டுது."

"பாவம். கத்தி பிடிக்கத் தெரியுமோ?"

"நான்தான் காட்டிக் குடுத்தன். 'இப்பிடி வெட்டுங்கோ, கோச்' எண்டன். கோச் எண்டதைக் கேட்டு சுத்தி நிண்டவை சிரிச்சினம். 'இனி என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடு' எண்டார்."

"இஞ்ச முதலாளியையே பேர் சொல்லித்தானே கூப்பிடுறது."

"எனக்கு வாய் வரேல்லை அண்ணை. வயசில மூத்த மனிசன். அடுத்தடுத்த நாளும் கோச் எண்டுதான் கூப்பிட்டன்."

"பிறகு?"

"இண்டைக்குப் போர்மனிட்டைக் கேட்டு, கூடை கழுவுற பக்கம் மாறிப்போட்டார். அங்க மெசின் சத்தத்தில ஆர் கோச் எண்டு கூப்பிட்டாலும் கேளாது."