கொக்குக்குக் கொடுத்த ரெண்டு மாசம்

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். "கொக்குக்கு ரெண்டு மாசம் டைம் கொடுத்தோம்" என்று மூத்தவர் சொன்னதும், நான் போனைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

"கொக்குக்கா? என்னக்கா சொல்றீங்க?" என்றாள் இளையவள்.

"எங்க ஊரு கண்மாய்க்கரையில இருக்குற சீமைக்கருவேலத்தை வெட்டிட்டு, நாவல், மருதுன்னு நம்ம மரமா நடலாம்னு ஊரே கூடி முடிவு பண்ணுச்சு. மிஷினும் வந்துருச்சு. நான் வெறகுக்கு அங்கிட்டுப் போறவ. அஞ்சு மரத்துல கொக்கு குஞ்சு பொரிச்சிருக்குன்னு சொன்னேன். யாரும் காதுல வாங்கலை."

"அப்பறம்?"

"மிஷினுக்கு முன்னாடி போயி நின்னுட்டேன். ஓட்டுற தம்பி எறங்கி வந்து அண்ணாந்து பாத்துச்சு. குஞ்சுக வாயத் தொறந்துக்கிட்டு இருந்துச்சுக. அதுக பறக்குற வரைக்கும் அந்த அஞ்சை விட்டுட்டு, மத்ததை வெட்டிக் கன்னு நட்டோம்."

"இப்பப் பறந்துருச்சா?"

"எல்லாம் பறந்துருச்சு. நாளைக்கு அந்த அஞ்சையும் வெட்டப் போறாங்க."

"அதான் பறந்துருச்சேக்கா, வெட்டட்டுமே."

மூத்தவர் தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினார்.

"நாங்க வச்ச நாவக்கன்னு என் முழங்கால் ஒசரம்தான் இருக்கு. அடுத்த வருசம் கொக்கு வந்தா எதுல கூடு கட்டும்? இன்னைக்குச் சாயங்காலம் ஊர்க்கூட்டம். கன்னு வளர்ற வரைக்கும் அந்த அஞ்சும் நிக்கட்டும்னு கேக்கப் போறேன்."

"ஒத்துக்குவாங்களாக்கா?"

"தெரியலை. எல்லாரும் பிள்ளைகுட்டிக்காரங்கதானே."