மணி அடித்தும் எழும்பாத சுனைவிளை

தேரிக்காட்டுச் செம்மணல் காத்துக்குக் காத்து இடம் மாறிக்கிட்டிருந்த காலம். பாதை கிடையாது, பனைதான் அடையாளம். அந்தக் காலத்துல கருக்குவிளைன்னு ஒரு ஊர், சுனைவிளைன்னு ஒரு ஊர். நடுவுல ஒரு பாறை. பாறையில நின்னு கூப்பிட்டா ரெண்டு ஊருக்கும் கேக்கும்.

கருக்குவிளையில ஞானப்பூன்னு ஒருத்தி இருந்தாளாம். பதினாறு வயசு. தொண்டை ஒண்ணுதான், ஆனா ஊருல உள்ள குரலெல்லாம் அதுக்குள்ள இருந்துச்சாம். மாமியார் குரல்ல கூப்பிடுவா, மருமக அடுப்பை விட்டுட்டு ஓடி வருவா. ஆடு மாதிரி கத்துவா, ஆடே திரும்பிப் பாக்கும்.

அவ பெரியம்மை மக ரூபாவதி. இருந்தது சுனைவிளையில. அவளைப் பாத்தாலே ஞானப்பூவுக்கு வயிறு எரியும். ஏன்னா, கருக்குவிளையில ஓலைக்கோயில். மழை பெய்ஞ்சா சனமெல்லாம் தலையில ஓலைப்பெட்டியைக் கவிழ்த்துக்கிட்டு ஜெபம் பண்ணணும். சுனைவிளையில கல்லுக்கோயில். அதுக்கு ஒரு கோபுரம். கோபுரத்து உச்சியில, இல்லாத மணிக்கு இடம் விட்டு ஒரு ஓட்டை. அந்த ஓட்டையைப் பாக்கும்போதெல்லாம் இவ கண்ணுல மிளகாய்ப்பொடி.

ரூபாவதி சும்மா இருப்பாளா? "ஏட்டி பூ, கோபுரத்தை அண்ணாந்து பாத்துக் கழுத்து வலிச்சாச் சொல்லு, எண்ணெய் தாரேன்" என்பாளாம்.

இப்படி இருக்கையிலதான் ரீஸ் ஐயர் ஒரு சேதி சொன்னார். வெள்ளைக்காரப் பாதிரியை அப்பல்லாம் ஐயர்னுதான் சொல்லுவாங்க. இவரு வேல்ஸ் தேசத்து ஆளு. மழை விடாத தேசமாம், மலையெல்லாம் ஆட்டு மந்தையாம், மலைக்கு ஒரு கல்லுக்கோயிலாம். அவங்க அப்பா ஜெபம் பண்ணின கோயிலைப் பூட்டிட்டாங்க. சனமெல்லாம் சுரங்கத்துல கரி வெட்டப் போயிட்டுது. அந்தக் கோயில் மணியை மகன் பேருக்குக் கப்பல்ல அனுப்பிட்டாங்க. அது தூத்துக்குடியில வந்து இறங்கிக் கிடக்கு.

ஐயர் வேதப்புஸ்தகம் வாசிக்கிற மாதிரியேதான் பேசுவார். "தேரியிலுள்ள ஏழு ஆலயங்களையும் நான் நடந்துபோய்ப் பார்ப்பேன். பார்த்தபின்பு மணியை ஒரு சபைக்குக் கொடுப்பேன்" என்றாராம்.

ஏழுல கடைசி ரெண்டு, காலையில சுனைவிளை, மத்தியானம் கருக்குவிளை. ஞானப்பூ மனசுல ஒரே ஒரு நெனைப்புதான். மணி எங்க வேணாலும் போகட்டும், அந்த ஓட்டைக்குள்ள மட்டும் போகக் கூடாது.

அன்னைக்கு விடிஞ்சதும் சுனைவிளைச் சனம் அத்தனையும் கோயில்ல வந்து உக்காந்தாச்சு. அவங்க கோயிலைப் பாத்துக்கிற உபதேசியார் யோபு, ஐயரை எதிர்கொள்ள மணல்பாதைக்குப் போயிட்டார். இந்த யோபு மூக்கால பேசுவார், எதுக்கெடுத்தாலும் 'அதாகப்பட்டது மக்கா'ன்னு ஆரம்பிப்பார். ஞானப்பூ என்ன பண்ணினா? ஓலை வேலிக்குப் பின்னால போயி நின்னா. மூக்கைச் சுருக்கினா.

"அதாகப்பட்டது மக்கா, ஐயருக்குக் காய்ச்சல். இன்னைக்கு வரல. பதனி புளிச்சுப் போவும், போயி மரத்துல ஏறுங்க."

ஆம்பிளைக மரத்துக்குப் போயிட்டாங்க. பொம்பிளைக அடுப்புக்குப் போயிட்டாங்க. ரூபாவதியும்தான். ஞானப்பூ சிரிப்பை அடக்கிக்கிட்டு ஊருக்கு ஓடி வந்துட்டா.

மத்தியானம் ஐயர் கருக்குவிளைக்கு வந்தார். கூடவே யோபு உபதேசியார், முகத்துல ஈயாடல. இங்க கோயில் நிறைஞ்சு கிடக்கு, கைப்பிள்ளை முதற்கொண்டு வந்தாச்சு. ஐயர் பாத்தார், சந்தோசப்பட்டார், சொன்னார்.

"சுனைவிளை ஆலயத்தில் ஒரு வெள்ளாடு மாத்திரம் படுத்திருந்தது. என் தகப்பனாரின் ஆலயத்திலும் இப்பொழுது ஆடுகளே படுத்திருக்கின்றன. நான் சுனைவிளை ஆலயத்துப் படியில் உட்கார்ந்து அழுதேன். கருக்குவிளையாரே, மணியில்லாமலே நீங்கள் யாவரும் கூடியிருக்கிறீர்கள். உங்களுக்கு மணி எதற்கு? வெறுமையாய்க் கிடக்கிற ஆலயத்துக்கல்லவோ மணி வேண்டும். சுனைவிளைக்குக் கொடுக்கிறேன்."

ஞானப்பூவுக்குத் தலையில இடி விழுந்த மாதிரி ஆயிட்டு. வாயை மூடினா மணி சுனைவிளைக்குப் போயிரும். வாயைத் திறந்தா மானம் போயிரும். மானம் போனாப் போகுது, அந்த ஓட்டை நிறையக் கூடாது. எழும்பிட்டா.

"ஐயரே, அவங்க காலையிலேயே வந்து காத்துக்கிட்டுத்தான் இருந்தாங்க. நான்தான் கலைச்சு விட்டேன்."

"எப்படிக் கலைத்தாய்?"

"அதாகப்பட்டது மக்கா, ஐயருக்குக் காய்ச்சல்."

யோபு உபதேசியார் தன் வாயைத் தொட்டுப் பாத்துக்கிட்டாராம், நாமதான் பேசினோமோன்னு. சனம் சிரிக்கவும் முடியாம, வையவும் முடியாம இருக்கு. ஞானப்பூ அப்பா மட்டும் தலையைக் குனிஞ்சுக்கிட்டார்.

ஐயர் ஓலைக்கூரையை ஒருக்கா நிமிந்து பாத்தார். "மணி நாலு பேர் சுமக்கிற பாரம். இந்தக் கூரை தாங்காது. அது சுனைவிளைக்கே போகட்டும். கோபுரத்தைப் பலப்படுத்தி மணியை ஏற்றுகிறவரைக்கும், மகளே, ஞாயிறுதோறும் நீ போய் அந்தச் சனத்தை ஆராதனைக்குக் கூப்பிடு. கலைத்தவள் நீ. நீயே கூட்டு."

எந்த ஊரைக் கண்டா வயிறு எரியுமோ, அந்த ஊருக்கே கூவணும். ஞாயிறு தவறாம பாறையில ஏறி நின்னு கூப்பிட்டா. "அதாகப்பட்டது மக்கா, நேரமாச்சு."

ரூபாவதி வாசல்ல நின்னுக்கிட்டு, "சத்தம் பத்தலட்டி" என்பா.

பத்தலையா? சரி. தூங்குறவனை அவன் மாமனார் குரல்ல கூப்பிட்டா. சண்டை போட்டுக்கிட்டிருந்தவளை அவ நாத்தனார் குரல்ல கூப்பிட்டா. சுனைவிளையே சிரிச்சுக்கிட்டு கோயிலுக்குப் போச்சு. அப்படியே ஒன்பது மாசம்.

பத்தாம் மாசம் மணியை ஏத்தினாங்க. ஓட்டை நிறைஞ்சுட்டு. முதல் ஞாயிறு, ஞானப்பூ வீட்டை விட்டு வெளிய வரல. ரெண்டு காதுலயும் பஞ்சு. பஞ்சையும் தாண்டிக் கேட்டுச்சாம், டாங், டாங்னு. ஒவ்வொரு டாங்குக்கும் பஞ்சை இன்னும் உள்ள தள்ளினா.

மணி அடிச்சுக்கிட்டே இருக்கு. நிக்கக் காணோம். என்னடான்னு பாத்தா, மணலைத் தள்ளிக்கிட்டு ரூபாவதி ஓடி வாரா.

"ஏட்டி, வந்து ஒரு வாட்டி கூப்பிடு."

"மணிதான் இருக்கே, எக்கா."

"மணி இருக்கு, ஆளு இல்ல. பூ இன்னும் கூப்பிடலியேன்னு அவனவன் படுத்துக் கிடக்கான். உபதேசியார் தனியா நிக்காரு. வாட்டி, கெஞ்சிக் கேக்கேன்."

ஞானப்பூ ஒரு காதுப் பஞ்சை மட்டும் எடுத்தா. "சத்தம் பத்தலக்கா. இன்னும் கொஞ்சம் சத்தமாக் கெஞ்சு."

கெஞ்சினாளாம். தெருவே கேக்கக் கெஞ்சினாளாம். அப்புறம்தான் ஞானப்பூ பாறைக்குப் போனா. அதுல இருந்து அந்தப் பாறைக்குப் பேரு கூப்பிட்டாம்பாறை.

இப்ப கருக்குவிளையிலயும் கல்லுக்கோயில் வந்தாச்சு. கோபுரமும் உண்டு, ஆனா மணிக்கு ஓட்டை விடல. வேண்டாம்னுட்டாங்க. பழைய கோயில் பாக்க வாறவங்க, அந்த வேல்ஸ் தேசத்துல இருந்து வாறவங்ககூட, ஏன்னு கேப்பாங்க. ஏன்னா, இன்னைக்கும் சுனைவிளையில, ஊரே கோயில்ல சேந்து சாப்பிடுற அசனப் பண்டிகைக்கு முதல்ல மணி அடிக்கும். ஒருத்தரும் அசைய மாட்டாங்க, சோத்து அண்டாவைத் திறக்க மாட்டாங்க. கருக்குவிளைப் பிள்ளை ஒண்ணு பாறையில ஏறி, மூக்கைச் சுருக்கி, 'அதாகப்பட்டது மக்கா'ன்னு கூப்பிடணும். அப்புறம்தான் பந்தி.

அந்த மணியில எப்பவோ ஒரு கீறல் விழுந்துட்டு. அதுல இருந்து லேசா மூக்காலதான் அடிக்குது. பொறாமை தாங்காம மணி ஞானப்பூ மாதிரியே கூப்பிட்டுப் பாக்குதுன்னு கருக்குவிளையில சொல்லுவாங்க. சுனைவிளையில கேட்டா, மணி நல்லாத்தான் அடிக்குது, உங்க காதுதான் சரியில்லம்பாங்க.