ஸ்டேஷனில் ஒப்படைத்த துப்பாக்கி

– மடிச்சுப் பாத்தேன் பிராங்க்ளின் சார், மடிஞ்சிருச்சு.

– மடியத்தானப்பு செய்யும் சோலைமுத்து. ரெட்டைக்குழல் துப்பாக்கின்னா மடிச்சுத்தான் தோட்டா போடணும். மடியலேன்னாதான் கோளாறு.

– நான் மடிச்சது நெசத்துப்பாக்கிய இல்ல. ஆசாரி செஞ்சு குடுத்த மரத்துப்பாக்கிய. மரம் எப்படி சார் மடியும்?

– செத்த இரு. உனக்கு எதுக்குப்பு மரத்துப்பாக்கி?

– எலெக்சன் வந்தா ஒரிஜினலக் கொண்டுபோய் ஸ்டேஷன்ல குடுத்துர்றோம். ரெண்டு மாசத்துக்கு வீட்டுச் சுவத்துல வெறும் ஆணிதான். பங்காளி அய்யனாரு வந்து அந்த ஆணியப் பாத்துச் சிரிக்கிறான். ‘என்னண்ணே, உன் துப்பாக்கிய ஜெயில்ல போட்டுட்டாங்களா’ங்குறான். அதான் போன எலெக்சன் முடிஞ்ச கையோட ஆசாரிகிட்டச் சொல்லி, தேக்குல ஒன்னு செஞ்சு, ரெண்டு இரும்புக் குழாயப் பொருத்தி, சைக்கிளுக்கு அடிக்கிற கறுப்புப் பெயிண்ட அடிச்சு வாங்கிட்டேன். எடை கூட ஒன்னு போல இருக்கணும்னு புளிக்கடை தராசுல வச்சுப் பாத்தேன்.

– அம்புட்டு நுணுக்கமாவா.

– அந்த நுணுக்கந்தான் சார் என்னையக் கெடுத்துச்சு. ரெண்டுக்கும் ஒரே காக்கித் துணியில ஒரே டெய்லர் தச்ச கவரு. ஸ்டேஷனுக்குக் குடுக்க ஒரிஜினலயும் கவர்ல போட்டு, மரத்துக்குப் பக்கத்துலயே பீரோவுல வச்சிருந்தேன். போன வெள்ளிக்கிழம கரண்டு இல்ல. என் வீட்டுக்காரி ஒச்சம்மா பீரோவுல கைய விட்டு ஒன்ன எடுத்துக் குடுத்தா. நானும் அதக் கொண்டுபோய் ஸ்டேஷன்ல குடுத்து ரசீது வாங்கிட்டு வந்து, மிச்சம் இருந்தத சுவத்துல மாட்டிட்டேன். நேத்து அய்யனாரு வந்தான். அவன் முன்னாடி கெத்தா எடுத்து…

– மடிச்ச.

– மடிஞ்சிருச்சு சார்.

– அப்ப ஸ்டேஷன்ல மரம் இருக்கு. உன் வீட்டுல நெசம் இருக்கு.

– வீட்டுல இல்ல.

– பின்ன?

– வெளிய என் டி.வி.எஸ். பிப்டியில ஒரு முருங்கைக்காய்க் கட்டு இருக்குல்ல.

– ஏசப்பா. என் கடை வாசல்லயா? எலெக்சன் நேரத்துல துப்பாக்கியோட ரோட்டுல வந்தா என்ன செக்சன் தெரியுமா? நான் டயருக்கு ரீட்ரெடிங் போட்டுப் பொழைக்கிறவன்ப்பு. ரூல மீறி ஒரு நாள் இருந்ததில்ல.

– குழல் வேற, கட்டை வேறயாக் கழட்டித்தான் வச்சிருக்கேன். செக்போஸ்டுல கூட நிப்பாட்டுனாங்க.

– நிப்பாட்டி?

– நாலு காய உருவிக்கிட்டு அனுப்பிட்டாங்க. நல்ல வேள, மேல இருந்து உருவுனாங்க.

– உனக்கு ரசீது எழுதுனது யாரு?

– நம்ம ஏட்டய்யா மரியசெல்வந்தான். கவரத் தொறக்கவே இல்ல. லைசென்ஸ் புக்கப் பாத்து நம்பர எழுதி, ‘நல்ல நிலையில் உள்ளது’ன்னு கையெழுத்துப் போட்டுட்டாரு.

– அவரு எங்க தொறப்பாரு. கொண்டுபோய் அந்தக் கொட்டடியில சாத்தி வைக்கத்தான் தெரியும். தொண்ணூத்தாறுல ரெண்டு தடவ, போன வருசம் ஒரு தடவ, இப்ப தொண்ணூத்தொம்போதுல இது ஒரு தடவ. மூணரை வருசத்துல நாலு எலெக்சன். முன்னூத்திப் பதினஞ்சாம் நம்பர்த் தோட்டா போடுற என் பெரிய ரைஃபிளு வீட்டுல இருந்தத விட அங்க இருந்ததுதான் சாஸ்தி. போன வருசம் திருப்பி வாங்குனப்ப குழலுக்குள்ள குளவி மண்ணு வச்சுக் கூடு கட்டியிருந்துச்சு. என்னோட இன்னொரு சின்ன ரைஃபிளு மேல எவனோ நனைஞ்ச குடையக் காயப் போட்டிருக்கான். அன்னைக்கி நான் சோறு திங்கல சோலை. அழுதேன்னே வச்சுக்க.

– எனக்குத் தெரியாதா சார். தையல் மிஷின் எண்ணெய்யப் போட்டு, பச்சப்புள்ளயக் குளிப்பாட்டுற மாதிரில தொடைப்பீங்க.

– ஓட்டுப் போடுறதுக்கும் என் ரைஃபிளுக்கும் என்னப்பு சம்பந்தம்? அருவாள ஸ்டேஷன்ல குடுன்னு எவனயாச்சும் கேக்குறாங்களா? லைசென்சு வாங்கி, போட்டோ குடுத்து, வருசா வருசம் ஆபீஸ் ஆபீஸா ஏறி எறங்குறவன்தான் இவங்களுக்குச் சந்தேகம்.

– நீங்களாச்சும் ஆசைக்கு வச்சிருக்கீங்க. நான் கடலைக் காட்டுக்காக வாங்குனேன். சிறுமலையில இருந்து பன்னி எறங்குது. பன்னியச் சுட்டா பாரஸ்ட்டுக்காரங்க புடிப்பாங்க. சரின்னு ஆகாசத்தப் பாத்துச் சுட்டா, தோட்டா என்னாச்சுன்னு கேப்பாங்க. அந்தப் பன்னிக்கும் எலெக்சன் தேதி தெரியும் போல, துப்பாக்கியக் குடுத்த மறுநாளே குடும்பத்தோட வந்துருது.

– பேசாம ஒன்னு செய்யி. சும்மா விட்டுரு.

– என்னது?

– எலெக்சன் முடியட்டும். போயி கவர வாங்கிட்டு வா. தொறந்து பாக்க அங்க யாருக்கு நேரம் இருக்கு? அது பாட்டுக்கு மரம் அங்க, நெசம் இங்க.

– ரூல் ரூல்னு பேசுற நீங்களா சார் இதச் சொல்றீங்க?

– ஆபத்துக்குப் பாவமில்லப்பு.

– ஆறு வருசம் நடந்து வாங்குன லைசென்சு. மரத்தக் குடுத்து ஏமாத்துனேன்னு சொல்லி ரத்து பண்ணிட்டா, மறுபடி இந்த ஜென்மத்துல கிடைக்காது. பிடிச்சு உள்ள போட்டா ஒச்சம்மா என்ன செய்வா? எனக்குப் பயமா இருக்கு சார். அதுவும் நாளைக்கி இன்ஸ்பெக்டரு வந்து எல்லாக் கவரையும் தொறந்து நம்பர் பாக்கப் போறாருன்னு டீக்கடையில பேசிக்கிறாங்க.

– எல்லாக் கவரையுமா?

– ஆமா.

– யாரு சொன்னா? நிச்சயமா எல்லாத்தையுமா?

– ஒன்னு விடாமயாம். ஏன் சார் உங்களுக்கு வேர்க்குது?

– பேன் ஓடலப்பு.

– ஓடுதே.

– அத விடு. இப்ப என்ன செய்யணுங்குற?

– ரெண்டு பேருமாப் போவோம். ஏட்டய்யாகிட்ட உண்மையச் சொல்லி, நெசத்தக் குடுத்துட்டு மரத்த வாங்கிட்டு வருவோம். நீங்க கூட நின்னா போதும். படிச்ச ஆளு, உங்க மேல ஸ்டேஷன்ல மரியாதை உண்டு.

– நான் வாரதெல்லாம் சரிப்படாது. நீயும் போகாத. நீ போயி உன் கவரத் தொறந்தா, பக்கத்துக் கவரையும் தொறப்பாங்க.

– தொறந்தா தொறக்கட்டுமே. மத்தவங்களுக்கு என்ன?

– எல்லாருக்கும் தொந்தரவுதான. வேணாங்குறேன்ல.

– இத்தன வருசப் பழக்கம் சார். இதுக்குக் கூட வரமாட்டீங்கன்னா எனக்கு மனசு விட்டுப் போயிரும்.

– சோலை, பேசாத. ரோட்டப் பாரு.

– யாரு? அய்யோ சாமி, ஏட்டய்யா. கேரியர்ல சாக்கு வேற கட்டியிருக்காரு. நீளமா இருக்கே சார்.

– டயருக்குப் பின்னாடி போயிரு. போப்பு, நான் பேசிக்கிறேன்.

– ஒளிஞ்சா இன்னும் கேவலம். நான் போகல.

– பிராங்க்ளின் சார், இருக்கீங்களா? அட, சோலைமுத்தண்ணனும் இங்கதான் இருக்கீங்களா. என்ன ரெண்டு பேரும் முழிக்கிறீங்க? இந்தச் சாக்க இப்படி ஓரமா வைக்கவா?

– ஏட்டய்யா, என்னைய மன்னிச்சிருங்க.

– எதுக்குண்ணே?

– வேணும்னு செய்யல. எங்க குலசாமி மேல சத்தியம். கரண்டு இல்லாததால கவரு மாறிப் போச்சு. மரத்துப்பாக்கிய உங்ககிட்டக் குடுத்துட்டேன். நெசத்துப்பாக்கி வெளிய முருங்கைக்காய்க் கட்டுக்குள்ள இருக்கு. எடுத்துக்கங்க. லைசென்ச மட்டும் ரத்து பண்ணிராதீங்க.

– செத்த நிறுத்துங்க. முருங்கைக்காய்க் கட்டுக்குள்ள என்னது?

– என் துப்பாக்கிங்கய்யா.

– அப்ப நான் ‘நல்ல நிலையில் உள்ளது’ன்னு கையெழுத்துப் போட்டது?

– தேக்குங்க. நல்ல நிலையிலதான் இருக்கு.

– அடப்பாவி மனுசா. இல்ல, தெரியாமக் கேக்குறேன், எனக்கு ரிட்டயராக இன்னும் எட்டு மாசந்தான இருக்கு. அதுக்குள்ள என்னைய வீட்டுக்கு அனுப்பணும்னு இந்த ஊர்ல எத்தன பேருய்யா கெளம்பியிருக்கீங்க?

– அறியாமப் பண்ணிட்டேன்யா.

– சரி சரி, கைய விடுங்க. கட்ட அவுக்காதீங்க. அப்படியே ஓட்டிக்கிட்டு ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் வாங்க. இன்ஸ்பெக்டரு வாரதுக்குள்ள மாத்தி வச்சிருவோம். வெளிய மூச்சு விட்டீங்கன்னா உங்களுக்கு முந்தி எனக்குத்தான் வேலை போகும்.

– நீங்க நல்லா இருக்கணும்யா. பாத்தீங்களா சார், உண்மையச் சொல்லிருவோம்னு சொன்னேன்ல. ஏன் சார் நீங்க சுவத்துப் பக்கம் திரும்பி நிக்கிறீங்க?

– ஒன்னுமில்லப்பு. மரியசெல்வம், நீங்க ஒரு டீ சாப்டுங்க.

– டீ கிடக்கட்டும் சார்.

– ஏட்டய்யா, அந்தச் சாக்க இப்படிக் குடுங்க. என் மரத்துப்பாக்கிய நானே கொண்டுபோய் அடுப்புல வச்சிர்றேன். உங்களுக்கு இம்புட்டுத் தூரம் அலைச்சல் குடுத்துட்டேன்.

– உங்க கவரு பக்கமே நான் இன்னும் போகலண்ணே. வரிசைப்படி மொத ரெண்டு கவரத்தான் தொறந்தேன். சாக்குல இருக்கது அந்த ரெண்டுலயும் பிராங்க்ளின் சாரு வச்சுக் குடுத்த கிரிக்கெட் மட்டையும் மூணு ஸ்டம்பும்.