உறைந்த மருந்தும் ஒப்புக்கொண்ட தவறும்

அவையை அன்போடு ஆளும் தலைவர் அவர்களே, எனக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்த மூத்த செவிலியர்களே, அலறும் பிள்ளையை இடுப்பில் அமுக்கிக்கொண்டு வரும் வீரத் தாய்மார்களே, இன்று நம்மிடம் விடைபெறும், கடல் கடந்து வந்த எங்கள் குளிர்பெட்டி மெக்கானிக் அக்கா அவர்களே, உங்கள் நர்ஸின் நெஞ்சார்ந்த வணக்கம்!

இரு நாடுகள் கைகோத்தன. நம் சுகாதார நிலையத்துக்குப் புதுக் குளிர்பெட்டி வந்தது, கூடவே அக்காவும் வந்தார். வந்த அன்றே என் மானத்தைக் கப்பலேற்றினார்! சிரியுங்கள் தாய்மார்களே, அன்று அழுதவள் நான்தானே?

மின்சாரம் அடிக்கடி போகிறதே என்று பழைய பெட்டியில் தடுப்பு மருந்தைப் பனித்தட்டோடு ஒட்டி அடுக்கியிருந்தேன். எவ்வளவு குளிரோ அவ்வளவு நல்லது என்பது என் மேதாவித்தனம். அக்கா ஒரு குப்பியைக் குலுக்கி மேசைமேல் வைத்தார். மருந்து செதில் செதிலாக அடியில் படிந்தது. உறைந்து உருகிய மருந்துக்கு வலுவில்லை. அதைத்தான் அந்த மாதம் நாற்பத்து மூன்று குழந்தைகளுக்குப் போட்டிருந்தேன்.

சொல்வதா? சொன்னால் எந்தத் தாய் இனி என்னை நம்புவாள்? மறைப்பதா? மறைத்தால் அந்தப் பிள்ளைகளை நோயிடமிருந்து யார் காப்பார்? அக்கா, தான் கற்ற தமிழில் மெல்லச் சொன்னார்: “எங்க நாட்டுல இதே தப்ப நான் செஞ்சேன். மறைச்சோம். மூணு குழந்தைங்க போயிட்டாங்க.”

அன்பர்களே, நாட்டுக்கு நாடு மருந்து கொடுக்கும், மருத்துவரைக் கொடுக்கும், இயந்திரம் கொடுக்கும். தன் தவற்றை எடுத்துக் கொடுக்க எவருக்கு மனம் வரும்? அக்காவுக்கு வந்தது!

அன்றே வீடு வீடாகப் போய் உண்மையைச் சொல்லி, மறுபடி ஊசி போட வரச் சொன்னேன். என் நாத்தனார் மகளும் அந்த நாற்பத்து மூவரில் ஒருத்தி. “என் புள்ளைக்கு வெறுந்தண்ணியவா குத்துனீங்க, அண்ணி?” என்று நாத்தனார் கேட்டுக் கதவைச் சாத்திவிட்டாள். நான் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினேன்.

அடுத்த ஊசி நாள். மணி ஒன்பது, ஓர் ஆள் இல்லை. மணி பத்து, அப்போதும் இல்லை. அக்காவும் நானும் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பத்தரைக்கு நாத்தனார் வந்தாள். அவள் பின்னே அவள் தெருவே வந்தது. மகளின் சட்டைக் கையை அவளே மடித்துவிட்டாள்.

“மறைச்சிருந்தீங்கன்னா ஜென்மத்துக்கும் உங்க முகத்துல முழிச்சிருக்க மாட்டேன். போடுங்க அண்ணி.”

மாலைக்குள் நாற்பத்து மூன்று பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள்!

அக்கா, போய் வாருங்கள். நாங்கள் புதிதாக ஒரு தவறு செய்தால், வெட்கப்படாமல் முதலில் உங்களுக்குத்தான் எழுதுவோம். உங்கள் ஊர்ப் பிள்ளைகளும் எங்கள் பிள்ளைகள்தானே? கேட்டுக்கொண்டிருந்த அனைவருக்கும் நன்றி, வணக்கம்!