பேர் காட்டாத ஓட்டு

அதிரா: போன்கிட்ட வந்து பேசுடி. ஃபெரி இரைச்சல்ல எழுத்து சரியா வரல.

ஷஹீதா: இப்ப வருதா? மணி என்னன்னு கேட்டேன்.

அதிரா: வருது, வருது. ரெண்டு அம்பது. மூணுக்கு ஓட்டு முடியுது. வித்துட்டாங்கன்னா, பேச்ச எழுத்தாக்குற இந்த ஆப் இனிமே ஓசியில கெடைக்காது. காது கேக்காதவ நான்... ஜுருவுல நம்ம ஃபேக்டரியில சூப்பர்வைசர் கத்துறத இதுலதான படிக்கிறேன்!

ஷஹீதா: இந்த ஆப்ப நடத்துறது மொதலாளியே இல்லாத சங்கம். உலகம் பூரா நாலாயிரம் பேரு, ஆளுக்கு ஒரு ஓட்டு. நீ ஒருத்தி என்னலா பண்ணுவ?

அதிரா: தெரியும்லா. "விக்காதீங்க"ன்னு சங்கத்து குரூப்புல எழுதினேன். ஒரு ஆளு வாயத் தொறக்கல. நீயே "விக்கலாம்"னு எழுதின.

ஷஹீதா: விக்கச் சொல்ற நம்ம மேனேஜரும் அதுல இருக்காருடி... சரி சரி, ஓட்டுப் பக்கத்தத் தொற.

அதிரா: தொறந்துட்டேன்... ஐயோ... ஷஹீதா!

ஷஹீதா: என்ன?

அதிரா: ஆயிரத்து இருநூத்தி மூணு பேரு அவங்க ஓட்ட என்கிட்ட ஒப்படைச்சிருக்காங்க. எங்களுக்காக நீயே போடுன்னு...

ஷஹீதா: யாரு யாரு?

அதிரா: பேரு காட்டாது. எத்தனைன்னு மட்டும்தான் வரும். கையப் பாரு, புல்லரிச்சுப் போச்சு. எந்த ஊரோ, என்ன பாஷையோ... என் மூஞ்சியக்கூட பாத்ததில்ல. சத்தமே இல்லாம இத்தனை பேரா...

ஷஹீதா: அப்புறம் அழு. மொதல்ல அழுத்து!

அதிரா: "விக்க வேணாம்"... அழுத்திட்டேன்.

ஷஹீதா: மணி மூணு. என்ன வந்திருக்கு?

அதிரா: விக்கல... விக்கலடி!

ஷஹீதா: அல்ஹம்துலில்லாஹ்! அதிரா... அதுல ஒண்ணு என்னோடது. குரூப்புல எழுதினது மேனேஜருக்குப் பயந்து.

அதிரா: உன்னோடதா?

ஷஹீதா: கோவமா?

அதிரா: இல்ல... அந்த ஆயிரத்துச் சொச்சத்துல என் சொந்த ஓட்டு இல்லடி. யாருமே இல்லன்னு நேத்து மனசு விட்டுப் போச்சு. உன்ன எதுத்து நிக்கவும் பிடிக்கல. எப்படியோ போகட்டும்னு என்னோடத உன்கிட்டயே குடுத்துட்டேன்.

ஷஹீதா: அடிப்பாவி, எனக்கு வந்த அந்த ஒத்த ஓட்டு நீயா? விக்கச் சொல்லி யாரோ நம்பிக் குடுத்தத, "வேணாம்"னு மாத்திப் போட்டு துரோகம் பண்ணிட்டோமேன்னு காலையிலருந்து செத்துக்கிட்டு இருக்கேன்டி!