சக்கரத்துக்கு வாங்கிய எலுமிச்சை

திருத்தணியில் மெட்ராஸ் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பக்கத்தில், கையெல்லாம் கிரீஸாக இருந்த டிரைவர் ஒருவர் தன் மச்சானிடம் அலுப்போடு சொன்னார்:

“பூஜை போட எடுத்துனு போன காரு, பாதி மலையில உக்காந்துகிச்சுடா.”

“பெட்ரோல் காருல டீசல் இஞ்சின மாட்டிட்டு, மட்டமான கிளட்ச் பிளேட்ட போட்டா தாங்குமா, பாவா?”

“எரிஞ்சேபோச்சு. மெட்ராஸ் போயி நல்லதா வாங்கினு வரணும்.”

“அதுக்குள்ள நியூட்ரல்ல கீழ உருட்டினு வந்துடலாமே?”

“சாமி பாக்காம வண்டிய திருப்பக் கூடாதாம். ஒங்கக்கா ஸ்டியரிங்க புடிச்சுகினு உள்ளயே உக்காந்துகினு கீறா.”

“பூஜை முடிஞ்சி சக்கரத்துல நசுக்க எலுமிச்சம் பழம் வாங்கினியே?”

“டிக்கியில இருந்துச்சு. வெயில்ல வண்டியத் தள்ளித் தள்ளி நாக்கு வறண்டுபோச்சுடா. நாலையும் புழிஞ்சு குடிச்சிட்டேன். அவளுக்கு இன்னும் தெரியாது.”