லிப்டில் இருந்து எடுத்த திரை

குப்பையில் கிடைத்த எல்சிடி திரைக்கு உயிர் கொடுப்பது கடினமான வேலை அல்ல. மின்சாரம் கொடுத்தால் பின்விளக்கு எரியும். எழுத்து வர வேண்டுமென்றால் முதலில் அதை எழுப்பும் கட்டளைகளை அனுப்ப வேண்டும். கட்டளைகள் திரைக்குத் திரை மாறும். என்னுடைய திரையில் பெயரும் இல்லை, இலக்கமும் இல்லை. நீலமாக எரிந்தது, ஒன்றும் எழுதவில்லை. அதைக் குளிர்பெட்டியின் வெப்பநிலை காட்ட வைக்க விரும்பினேன்.

அந்தத் திரை எங்கள் லா சப்பல் கட்டடத்தில் முன்படி லிப்டைப் புதுப்பித்தபோது கழற்றி எறிந்தது. பின்படி லிப்டில் அதே திரை இன்னமும் வேலை செய்கிறது. கீழ்த்தளச் சுவரில் அதன் மூடியைக் கழற்றி, வயர்களில் கிளிப் மாட்டி, கணினியில் பார்த்தேன். லிப்டின் மெயின் சுவிட்சை அணைத்து மறுபடி போட்டால் எழுப்பும் கட்டளை வர வேண்டும். வரவில்லை. வாரக்கணக்காக முயன்றேன், காலி லிப்ட் பேசவேயில்லை.

சனிக்கிழமை காலை மேல்மாடியில் குடியிருக்கும் குலசேகரம் அண்ணை கீழே வர உள்ளே ஏறினார். லிப்ட் புறப்பட்டது. என் கை மெயினில் இருந்தது. அணைத்துப் போட்டேன். கணினித் திரை முழுவதும் கட்டளைகள்.

ஒரு முறை கிடைப்பது தற்செயலாக இருக்கலாம். ஆகையால் மறுபடி அணைத்தேன்.

"ஆர் அங்கை? தவமோ?" மேலிருந்து குரல் வந்தது. "தாலிக்கொடி என்ரை கையிலை, தம்பி. ஓல்னேயிலை மண்டபத்திலை துஷ்யந்தன் மணவறையிலை இருக்கிறான்."

"ஓம் அண்ணை. ஒருக்கா மூலையிலை நில்லுங்கோ."

"மூலையிலையோ?"

"இப்ப நடுவிலை. அசையாமல்."

"விசரா, என்ரை மகன்ரை முகூர்த்தம் போகுது. பொம்பிளை வீட்டாருக்கு என்னத்தைச் சொல்ல, தவம் என்னை வைச்சு ரேடியோ திருத்துறான் எண்டோ?"

ரேடியோ அல்ல என்று விளக்கினேன். அவர் கேட்கும் மனநிலையில் இல்லை. மெயினைப் போடும்போதெல்லாம் லிப்ட் ஒரு சாண் இறங்கும், அணைத்ததும் நிற்கும். ஒவ்வொரு சாணுக்கும் அவர் "முருகா" என்றார். குரலில் நம்பிக்கை இருந்தது, அதைக் குலைக்க எனக்கு மனமில்லை.

கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் மதாம் ஜெர்மேன் வந்து, திருத்துபவர் வந்துவிட்டாரா என்று கேட்டார். வேலை நடக்கிறது என்றேன். நான் பொய் சொல்வதில்லை.

தீயணைப்புக்காரரை யார் அழைத்தார்கள் என்று தெரியாது. நான் அழைக்கவில்லை. அண்ணையை வெளியே எடுத்தபோது முகூர்த்தம் முடிந்திருந்தது. பெண் வீட்டார் மண்டபத்தை விட்டுப் போய்விட்டார்களாம். தாலிக்கொடியைப் பிடித்தபடி அவர் படியில் உட்கார்ந்தார், என்னைப் பார்க்கவில்லை. களைத்துவிட்டார் என்று நினைத்தேன்.

ஏன் செய்தேன் என்று நீங்கள் கேட்கிறீர்கள். அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். காலி லிப்டில் அந்தத் திரை தூங்கும். லிப்டின் தரையில் பாரம் இருந்தால் மட்டுமே கட்டுப்பாட்டுப் பலகை அதை எழுப்பும். அவர் எங்கே நின்றாலும் கட்டளை ஒன்றுதான், இடம் முக்கியமில்லை, பாரம்தான் முக்கியம். என் திரை இப்போது நான்கு பாகை என்று தெளிவாகக் காட்டுகிறது.

அன்று பின்னேரம் அதையும் சரிபார்த்தேன். கீழ்க்கடையில் அரிசி வாங்கி லிப்டில் ஏற்றி, மெயினை அணைத்துப் போட்டேன். அதே கட்டளைகள், ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. ஆள் தேவையில்லை. இரண்டு மூட்டை போதும்.